மஞ்சள் பூ பூத்ததெல்லாம் ஆவாரை இல்லை!

எங்களுக்குத் தாராபுரம் பக்கம். மேகம் திரண்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிற பூமி. அங்கே வேலியோரம், ரோட்டோரம், மேட்டுக்காடு எங்கே திரும்பினாலும் ஆவாரைதான். பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக் கட்ட வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரம்பூவும் வேண்டும். குளியல் பொடிக்கு ஆவாரம்பூ, சர்க்கரைக்காரர்களுக்கு ஆவாரம்பூக் கஷாயம். ஆவாரை பூத்துக் கிடக்கிற ஊரில் சாவுக்கு என்ன வேலை என்று எங்கள் பெரியவர்கள் கேட்பார்கள். அப்படி ஒரு நம்பிக்கை அதன் மேல்.

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். ஆனாலும் செடி கொடி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. என் அத்தையிடம் (மாமியார்தான்) கற்றுக்கொண்டது. அந்தத் தலைக்கனம் ஒருநாள் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் சகோதரிகளுக்கு இங்கே எழுதுகிறேன்.

கல் முற்றம்

என் தங்கை அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து டூசான் நகரத்தில் இருக்கிறாள். 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் அவள் பிரசவத்துக்காகப் போனேன். அம்மா இல்லாத வீடு, அக்காதானே அம்மா? பருப்புப் பொடி, பூண்டு லேகியம், பெருங்காயம் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அமெரிக்கா என்றால் பனியும் புல்தரையும் என்று நினைத்திருந்தேன். இறங்கிப் பார்த்தால் பாலைவனம்! வருடத்துக்குச் சுமார் 11 அங்குலம்தான் மழையாம். வீட்டு முன்னால் புல்லுக்குப் பதில் ஜல்லிக்கல் பரப்பியிருக்கிறார்கள். மலையடிவாரமெல்லாம் இரண்டு ஆள், மூன்று ஆள் உயரத்துக்கு 'சவாரோ' கள்ளிகள், கையைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. "இதென்னடி, நம்ம ஊரைவிட மோசமா இருக்கு?" என்றேன். "கொஞ்ச நாள் இருந்து பாருக்கா, உனக்கே பிடிக்கும்" என்றாள்.

மார்ச் மாதம் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. பத்து நாள் கழித்து ஒரு காலை, பின்கட்டுக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி நிலம் முழுக்கச் செடி, செடியெல்லாம் மஞ்சள் பூ! ஆள் உயரம், கரும்பச்சை இலை, வறண்ட பூமி, மஞ்சள் பூ. எனக்கு வேறு என்ன தோன்றும்? "ஆவாரை! இங்கேயும் இருக்குடி!" என்று கத்தியே விட்டேன்.

கிட்டே போய்ப் பார்த்தால் கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தது. இலை ரொம்பச் சிறிசு. சீமை மண்ணுக்கு அப்படித்தான் இருக்கும் போல, ஆவாரைக்கு ஒரு தங்கச்சியாக இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அங்கேதான் நான் செய்த தப்பு. கண் முன்னால் தெரிந்த வித்தியாசத்தை மனசு மூடிவிட்டது.

அடுப்பில் ஏறிய கஷாயம்

மாப்பிள்ளைக்கு (தங்கை வீட்டுக்காரர்) அந்த மாதம்தான் ரத்தப் பரிசோதனை நடந்திருந்தது. சர்க்கரை எல்லைக் கோட்டில் நின்றது. ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். 'இதற்கு எதற்கு டாக்டர்? நாற்பத்தெட்டு நாள், ஒரு மண்டலம், ஆவாரம்பூக் கஷாயம் கொடுத்தால் ஆயிற்று' என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

பூவும் கொழுந்துமாக ஒரு முறம் அளவு பறித்து நிழலில் உலர்த்தினேன். பறிக்கும்போதே விரலெல்லாம் பிசுபிசு என்று ஒட்டியது. அதையும் கண்டுகொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு கைப்பிடி அள்ளித் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தேன்.

கொதி வந்ததும் வந்தது பாருங்கள் ஒரு வாசனை! ரோடு போடுகிற இடத்தில் தார் டின்னைத் திறந்த மாதிரி. தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். "மருந்துன்னா அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி வடிகட்டி, டம்ளரில் ஊற்றி மாப்பிள்ளை முன்னால் வைத்தேன். பாவம், மறுத்துப் பேசத் தெரியாத மனுஷர். மூக்கைப் பிடித்துக்கொண்டு டம்ளரைக் கையில் எடுத்துவிட்டார்.

அந்த நேரம் வாசல் மணி அடித்தது. பக்கத்து வீட்டு அம்மாள் குழந்தைக்குக் குல்லாய் பின்னி எடுத்து வந்திருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பாட்டி மெக்ஸிகோவின் சொனோரா மாநிலத்தைச் சேர்ந்தவராம். உள்ளே காலை வைத்ததுமே மூக்கை உறிஞ்சி, "கோபெர்னடோரா!" என்றார். பிறகு டம்ளரைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "இது யாருக்கு? குடிக்கவா?" என்று கேட்டது எனக்கே புரிந்தது.

மாடியிலிருந்து தங்கை இறங்கி வந்து மொழிபெயர்த்தாள். "எங்கள் பாட்டி இதை வேக வைத்து, வலிக்கிற காலை அந்தத் தண்ணீரில் ஊற வைப்பாள். ஆனால் உள்ளுக்கு வேண்டாம். ஈரலைக் கெடுத்துவிடும்" என்றாராம்.

ஈரல்! மாப்பிள்ளை டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். எனக்குக் கை கால் வெலவெலத்துவிட்டது.

ஈரலுக்கு ஆகாது

அன்று ராத்திரி தங்கை உட்கார்ந்து தேடிப் படித்துச் சொன்னாள். இந்தச் செடியின் பெயர் கிரியோசோட் புதர். சாஸ்திரப் பெயர் 'லாரியா டிரைடென்டேட்டா'. மரத்துக்குப் பூசுகிற கிரியோசோட் என்ற தார் எண்ணெய் இதிலிருந்து எடுப்பது இல்லை. வாசனை அதைப் போல இருப்பதால் வைத்த பெயர். ஸ்பானிஷ் மொழியில் 'கோபெர்னடோரா' என்றால் ஆளுகிறவள். எங்கே பார்த்தாலும் அவள் ஆட்சிதானே! 'எடியோண்டில்யா', அதாவது குட்டி நாற்றக்காரி, என்றும் ஒரு பெயர் இருக்கிறதாம். நான் கஷாயம் வைத்த அன்றைக்கு அந்தப் பெயர்தான் பொருத்தம்.

இதன் இலையைக் காயவைத்து 'சாப்பரல்' என்ற பெயரில் தேநீராகவும் மாத்திரையாகவும் விற்றிருக்கிறார்கள். குடித்தவர்களுக்கு ஈரல் அழற்சி வந்ததைக் கண்டு, அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் 1992-ல் எச்சரிக்கை செய்தது. 1992 முதல் 1994 வரை வந்த 18 பேரின் விவரங்களை டாக்டர்கள் ஆராய்ந்து 1997-ல் வெளியிட்டார்கள். அதில் 13 பேருக்கு ஈரல் பாதிப்பு. இரண்டு பேருக்கு மாற்று ஈரல் வைக்கிற அளவுக்குப் போய்விட்டது.

ஒரே ஒரு டம்ளர்தானே என்று கேட்கலாம். ஒரு டம்ளரோடு நிற்கிறவளா நான்? ஒரு மண்டலம் கொடுக்க அல்லவா கணக்குப் போட்டிருந்தேன்! அதுவும் ஏற்கெனவே ஈரலில் குறை சொல்லப்பட்டவருக்கு. பச்சைக் குழந்தையை மடியில் வைத்திருக்கிற தங்கையின் முகத்தைப் பார்க்கவே அன்றைக்குக் கூச்சமாக இருந்தது. அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்தியது.

முகம் பார்த்துப் பழகினேன்

மறுநாள் ஒரு வைராக்கியம் வந்தது. இந்தச் செடியைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் ஊர் திரும்புவது இல்லை! பக்கத்து வீட்டம்மாளே கூட்டிப் போய்க் காட்டினார். அவர் பேசுவது பாதி புரியாது. ஆனால் இலையைக் கையில் வைத்துக்கொண்டு பேசும்போது பாஷை எதற்கு?

டூசானுக்கு மேற்கே 1952-ல் தொடங்கிய பாலைவன மியூசியம் ஒன்று இருக்கிறது. மியூசியம் என்று பெயர்தான். திறந்தவெளியில் பாலைவனத்துப் பிராணிகளும் செடிகளுமாக இருக்கும் பெரிய தோட்டம். செடிகளுக்குப் பெயர்ப் பலகை வைத்திருக்கிறார்கள். குழந்தைக்கு இரண்டு மாதம் ஆனதும் எல்லாருமாகப் போய் அங்கேயும் ஒப்பிட்டுப் பார்த்தோம். நான் குறித்துக்கொண்ட அடையாளங்கள் இவை:

இலை: பார்த்தால் ஒரு இலை போலத் தெரியும். உற்றுப் பார்த்தால் இரண்டு சிற்றிலைகள் அடியில் ஒட்டியிருக்கும், பட்டாம்பூச்சி சிறகை விரித்த மாதிரி. அரை அங்குலத்துக்குள்தான் இருக்கும். நம் ஆவாரையில் ஒரு ஈர்க்கில் எட்டு முதல் பன்னிரண்டு ஜோடி வரை சிற்றிலைகள் வரிசையாக இருக்குமே! இதை மட்டும் அன்றைக்கு எண்ணியிருந்தால் கஷாயமே வைத்திருக்க மாட்டேன்.

பிசின்: இலை மேல் வார்னிஷ் அடித்த மாதிரி மினுமினுப்பு, தொட்டால் பிசுக்கு. வெயிலில் தண்ணீர் ஆவியாகாமல் காப்பதும், ஆடு மாடு வாய் வைக்காமல் செய்வதும் இந்தப் பிசின்தான்.

பூ: ஒரு ரூபாய்க் காசு அகலம், தனித்தனிப் பூ, ஐந்து இதழ். விரிந்த பிறகு இதழ்கள் ஒருபக்கமாகத் திரும்பிக்கொள்ளும், பிள்ளைகள் கையில் பிடித்து ஓடும் காற்றாடி போல. ஆவாரம்பூவோ கொத்தாகப் பூக்கும், நடுவில் வளைந்த நீளக் கேசரங்கள் நீட்டிக்கொண்டிருக்கும்.

காய்: ஆவாரைக்குத் தட்டைக் காய். இதற்குக் குண்டுமணி அளவில் உருண்டை, மேலே வெள்ளைப் பஞ்சு போன்ற ரோமம். உதிரும்போது ஐந்து துண்டாகப் பிரியும். சில கிளைகளில் இலை இலையாகச் சுற்றிய பெரிய பச்சை உருண்டைகள் இருக்கும். அவை காய் இல்லை, ஒருவகைச் சின்னப் பூச்சி முட்டையிடுவதால் வரும் வீக்கம். நான் முதலில் அதைத்தான் காய் என்று நினைத்தேன்.

தண்டு: நடுமரம் கிடையாது. அடியிலிருந்தே பல தண்டுகள் விசிறியாகக் கிளம்பும். சாம்பல் நிறம், கணுவுக்குக் கணு கறுப்பு வளையம். முள் இல்லை.

வாசனை: இலையை உள்ளங்கையில் வைத்து வாயால் ஒரு ஊது ஊதி முகர வேண்டும். இது அந்தம்மாள் சொல்லிக் கொடுத்த வித்தை. ஈரக் காற்று பட்டதும் தார் வாசனை எழும். இந்த ஒன்று போதும், வேறு சாட்சி வேண்டாம்.

மஞ்சள் பூ பூக்கிற வேறு செடிகளும் அங்கே உண்டு. மலைச்சரிவில் 'பிரிட்டில்புஷ்' என்று ஒன்று. அதற்கு வெள்ளி பூசின மாதிரி இலை, உயரக் காம்பில் சின்னச் சூரியகாந்தி போலப் பூ. கடும் வறட்சியில் அது இலையை உதிர்த்துவிடும். கோபெர்னடோரா உதிர்க்காது. ஜூன் மாதம் வெயில் 40 டிகிரி செல்ஷியஸைத் தாண்டி, மூன்று மாதமாகச் சொட்டு மழை இல்லாத நேரத்திலும், கொஞ்சம் வாடி நிறம் மங்கினாலும் இலையோடுதான் நின்றாள். பசுமை மாறாத செடி என்றால் என்ன என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இன்னொரு வேடிக்கை. தங்கை வீட்டு முன்வாசலிலேயே அழகுக்காக ஒரு செடி வைத்திருந்தார்கள். ஊசி ஊசியாக வெள்ளி நிற இலை, மஞ்சள் பூ, தட்டைக் காய். காயைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம். விசாரித்தால் அதுதான் நிஜமாகவே ஆவாரை இனத்தைச் சேர்ந்தது! ஆனால் அந்த மண்ணின் செடி இல்லை, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. பின்வாசலில் தங்கச்சியைத் தேடிக்கொண்டு இருந்தேன், ஒன்றுவிட்ட தங்கச்சி முன்வாசலில் நின்றிருக்கிறாள். அவளையும் நான் கஷாயம் வைக்கவில்லை, பயப்படாதீர்கள்!

நெருஞ்சி வீட்டுச் சொந்தம்

அப்படியானால் கோபெர்னடோரா யார் வீட்டுப் பெண்? கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். நெருஞ்சி! நம் காட்டில் காலில் குத்துமே, அதே நெருஞ்சிமுள்ளின் குடும்பம். யோசித்துப் பார்த்தால் நெருஞ்சிக்கும் ஐந்து இதழ் மஞ்சள் பூதானே? காயும் ஐந்தாகத்தானே உடையும்? ஒன்று தரையோடு படர்வது, இன்னொன்று ஆள் உயரம் நிற்பது. அதனால் எனக்கு உறவு தெரியவில்லை.

அந்த நெருஞ்சியும் எப்படியோ கடல் தாண்டி டூசானுக்கு வந்து களையாகக் கிடக்கிறது. ஜூலையில் ஒருநாள் என் செருப்பில் குத்தியிருந்தது. பிடுங்கிப் பார்த்ததும் கோபத்துக்குப் பதில் சிரிப்பு வந்தது. ஊர்க்காரியைப் பார்த்த மாதிரி.

அந்த மண்ணின் பூர்வகுடிகள் டோஹோனோ ஓதம் என்ற மக்கள். அவர்கள் இந்தச் செடியை 'ஷெகோய்' என்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக மருந்துக்குப் பயன்படுத்தி வந்தவர்கள். இதன் கிளைகளில் ஒரு பூச்சி சுரக்கிற அரக்கை, உடைந்த பானையை ஒட்டவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். எதை எப்போது, எவ்வளவு, உள்ளுக்கா வெளிக்கா என்பதெல்லாம் அந்தச் செடியோடு வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். நேற்று வந்து இறங்கிய எனக்கு என்ன தெரியும்? ஆவாரை எனக்குத் தெரிந்தது என் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை. என் அத்தைக்கும் அவள் அத்தைக்கும் தெரிந்திருந்ததால்.

இந்தச் செடிக்கு ஆயுசு எவ்வளவு தெரியுமா? நடுவில் இருக்கிற பழைய தண்டு பட்டுப்போகும். ஓரத்தில் புதுத் தண்டு முளைக்கும். இப்படியே வட்டம் விரிந்துகொண்டே போகும், எல்லாம் ஒரே செடியின் வாரிசு. கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் அப்படி ஒரு வட்டம் இருக்கிறது. அதன் வயது சுமார் 11,700 ஆண்டுகள் என்று பிராங்க் வாசெக் என்ற பேராசிரியர் 1980-ல் கணக்கிட்டுச் சொன்னார். ஆளுகிறவள் என்று பெயர் வைத்தது சரிதானே!

மழை வந்தது

ஜூலையில் மழைக்காலம் வந்தது. அங்கேயும் 'மான்சூன்' என்றுதான் சொல்கிறார்கள். ஒரு சாயங்காலம் மலைமேல் கறுத்து, மின்னல் வெட்டி, புழுதிக் காற்று அடித்தது. மழை எங்கள் தெருவுக்கு வருவதற்கு முன்னாலேயே அதன் வாசனை வந்துவிட்டது. நமக்கு மழை வாசனை என்றால் மண் வாசனை. அவர்களுக்கு மழை வாசனை என்றால் இந்தச் செடியின் வாசனை. ஈரம் பட்டதும் இலைப் பிசின் மணக்கிறது. அடுப்பில் வைத்தபோது குமட்டிய அதே வாசனை, காற்றில் கலந்து வந்தபோது அவ்வளவு சுகமாக இருந்தது!

தங்கை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்வாசலுக்கு வந்தாள். "ஊர் ஞாபகம் வரும்போதெல்லாம் இந்த வாசனைதாங்க்கா எனக்குத் துணை" என்றாள். பக்கத்து வீட்டம்மாள் ஒரு கிளையை ஒடித்து வந்து குளியலறையில் கட்டித் தொங்கவிடச் சொன்னார். வெந்நீர் ஆவி பட்டால் வீட்டுக்குள்ளேயே மழை வாசனை வரும். இந்தச் செடியை நான் கடைசியில் வீட்டுக்குள் சேர்த்தது அந்த ஒரு உபயோகத்துக்குத்தான்.

என் அனுபவத்தில் கண்டவை

சகோதரிகளே, மகள் வீடு, மகன் வீடு, தங்கை வீடு என்று இப்போது நாம் எல்லாரும் வெளிநாடு போய் வருகிறோம். போகிற இடத்தில் தெரிந்த மாதிரி ஒரு செடியைப் பார்த்தால் என்னைப் போல ஏமாறாதீர்கள்.

பூவின் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மஞ்சள் அரளிக்கும் மஞ்சள் பூதான். அதன் விஷம் நமக்குத் தெரியாதா?

இலை, பூ, காய், தண்டு, வாசனை ஐந்தும் ஒத்துப்போக வேண்டும். நான்கு ஒத்து ஒன்று இடித்தாலும் அது வேறு செடி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். பெயர்ப் பலகை வைத்த தோட்டம் இருந்தால் போய் ஒப்பிடுங்கள். பார்த்துத் தெரிந்துகொண்டாலும், வாயில் வைக்க வேண்டிய அவசியம் இல்லை.

'சாப்பரல்' என்று எழுதிய மூலிகைத் தேநீரோ மாத்திரையோ யாராவது கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஈரலில் கோளாறு உள்ளவர்கள் எந்தப் பச்சிலையையும் டாக்டரிடம் சொல்லாமல் சாப்பிடக் கூடாது.

நம் ஊர் ஆவாரையாகவே இருந்தாலும் டாக்டர் கொடுத்த சர்க்கரை மாத்திரைக்குப் பதிலாக அதைக் குடிக்காதீர்கள்.

மாப்பிள்ளை இப்போது தினமும் காலையில் நடக்கிறார். அரிசியைக் குறைத்துக்கொண்டார். அடுத்த பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்ததாகத் தங்கை போனில் சொன்னாள். பிறகு சிரித்துக்கொண்டே, "உன் கஷாயம் குடிக்காததால்தானாம், உங்க மாப்பிள்ளை சொல்றார்" என்றாள். சொல்லட்டும். அந்தப் பேச்சைக் கேட்க எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.